திருவள்ளூர் மண்ணில் ஊசியும் அச்சமும்

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் தடுப்பூசியின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது இயல்பே. ஆயினும் நாம் வாழும் இந்த வடதமிழ்ப் பகுதியில் தடுப்பூசியின் கதை மருத்துவர்களின் கதையாக மட்டும் இருந்ததில்லை. அது சொல்லின் கதையாகவும் இருந்து வந்திருக்கிறது. ஊசியை ஏந்துவது மருத்துவரின் கை. அதன் முன் குழந்தையை நீட்டுவது தாயின் கை. இவ்விரு கைகளுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க இருநூறு ஆண்டுகளாகப் பலவகைச் சொற்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன. புனைந்துரை, அரசாணை, விளம்பரம், மௌனம் என அவை பலதிறப்பட்டன. அவற்றுள் எது நிலைத்தது, எது பழுதுபட்டது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவள்ளூர் மாவட்டம் 1997 ஜனவரி முதல் நாளில் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஆகவே இக்கட்டுரையில் செங்கற்பட்டு என்று வருமிடங்களில் பலவும் இன்றைய நம் மண்ணையே குறிப்பன என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.

அம்மனும் அம்மைப்பாலும்

எட்வர்டு ஜென்னர் பசுவம்மையின் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையை 1796-இல் சோதித்து, 1798-இல் நூலாக வெளியிட்டார். அந்தப் பால் 1802 ஜூன் மாதத்தில் பம்பாய் வந்து சேர்ந்தது. அவ்வாண்டிலேயே சென்னைக்கும் வந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம் அது. ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து மற்றொரு குழந்தையின் கைக்கு என, கைக்குக் கை மாற்றியே அதனை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர்.

மக்கள் தயங்கினர். அத்தயக்கத்தை வெறும் மூடநம்பிக்கை என்று அன்றைய ஆங்கில அலுவலர் பலர் எழுதி வைத்தனர். நாமும் அதனையே திருப்பிச் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மை அவ்வளவு எளிதன்று. அம்மை நோய் மாரியம்மனின் வருகை என்று கருதிய மக்களுக்கு, அதனைத் தடுத்தல் அன்னையை வாயிலில் நிறுத்துவதற்கு ஒப்பாயிற்று. இது ஒரு புறம். மறுபுறம், யாரோ ஒருவர் குழந்தையின் கொப்புளநீர் தம் குழந்தையின் குருதியில் கலப்பதைத் தாயர் அஞ்சினர். அந்த அச்சத்தில் சாதி வேற்றுமை கலந்திருந்தது மெய்யே. எனினும் கைக்குக் கை மாற்றும் முறையில் மேகநோய் முதலிய வேறு நோய்களும் பரவக்கூடும் என்பதைப் பின்னாளில் மருத்துவ உலகமே ஒப்புக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்றுகளின் உடலில் வளர்த்தெடுத்த அம்மைப்பாலுக்கு மாற வேண்டியதாயிற்று. ஊசிக்காரர் வந்து குழந்தையின் புண்ணைக் கீறிப் பால் எடுத்துச் செல்வதைக் கண்ட தாய் முகம் சுளித்தாள் எனில், அவள் அறியாமையினால் மட்டும் சுளித்தாள் என்று கூறுதல் நேர்மையாகாது.

இத்தயக்கத்தை நீக்கப் புகுந்தவர்களுள் ஒருவர் நம் அனைவர்க்கும் அறிமுகமானவர். திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு வெளியிட்டவர் என்றும், குறளின் ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதியவர் என்றும், தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என 1816-இலேயே கூறியவர் என்றும் நாம் போற்றும் எல்லிஸ் துரை அவர். 1810 முதல் 1819-இல் மறையும் வரை சென்னையின் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், அம்மை குத்திக்கொள்ள மக்களை இசைவிக்கும் பொருட்டு ஒரு கதையை எழுதினார். சக்திக்கும் தன்வந்திரிக்கும் நிகழும் உரையாடலாக அது அமைந்தது. பசு தரும் ஐந்து தூய பொருள்களோடு ஆறாவதாக இப்பாலும் அன்னையின் அருட்கொடையே என்பது அதன் சாரம். அன்னையைத் தடுப்பதன்று, அன்னை தந்ததை ஏற்பதே இது என அந்தக் கதை வாதிட்டது.

நல்லெண்ணத்தில் பிறந்த புனைவு அது. பெரியம்மையால் மாண்ட குழந்தைகளின் எண்ணிக்கையை நினைத்தால் அதனைக் குறை கூற நா எழாது. ஆயினும் அதனை ஒட்டி நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. 1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்னும் புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. தன்வந்திரி இயற்றிய பழைய வடமொழி நூலொன்றில் பசுவம்மைப் பாலைக் குத்தும் முறை கூறப்பட்டுள்ளது என்று அக்கடிதம் சொல்லிற்று. ஆய்வாளர் இதனை எல்லிஸின் முயற்சியோடு சேர்த்தே நோக்குகின்றனர். அத்தகைய பழைய நூல் எதுவும் கிடைத்திலது. ஆனால் அக்கூற்று ஐரோப்பிய நூல்களில் ஏறியது. அங்கிருந்து மீண்டும் நம் நாட்டுக்கு வந்தது. இன்றும் பெருமை பேசும் மேடைகளில் சான்றாகக் காட்டப்படுகிறது. மக்களை நன்மைக்கு இசைவிக்கச் சொன்ன ஒரு பொய், நன்மையின் தேவை தீர்ந்து இருநூறு ஆண்டு கழிந்தும் தீராமல் நிற்கிறது.

குறளின் வாய்மை அதிகாரம் பொய்ம்மைக்கும் ஓரிடம் தருகிறது என்பதைப் புலவர்கள் அறிவர். குற்றமற்ற நன்மை பயத்தல் வேண்டும் என்பது அங்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. எல்லிஸின் புனைவு அந்நிபந்தனையை நிறைவேற்றியதா என்பது நம் வட்டத்தில் ஓர் மாலை முழுதும் வாதிடத்தக்க பொருள். என் கருத்து, அது பாதி நிறைவேற்றியது என்பதே. ஊசியைப் பற்றிய கேள்விக்கு அது விடை கூறவில்லை. கேள்வியை மறக்கச் செய்ய முயன்றது.

மூதறிஞரின் மறுப்பு

அடுத்த காட்சி விடுதலைக்குப் பிந்தியது. காசநோய் நாட்டை அரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1948-இல் பி.சி.ஜி. தடுப்பூசி இந்தியாவிற்கு வந்தது. மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையை மையமாகக் கொண்டு முதற்பணிகள் தொடங்கின. கிண்டியில் பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் ஆய்வுக்கூடம் அவ்வாண்டிலேயே எழுந்தது. மத்திய சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌர் இதனை நாடு தழுவிய இயக்கமாக்கினார்.

எதிர்ப்பின் மையமும் சென்னையாகவே இருந்தது. பொறியாளர் ஏ. வி. ராமன் தாம் நடத்திய இதழின் வாயிலாகத் தொடர்ந்து எதிர்த்து எழுதினார். 1955-இல் மூதறிஞர் இராஜாஜி இந்த எதிர்ப்பில் சேர்ந்தார்; பி.சி.ஜி.யைத் தாம் எதிர்ப்பதன் காரணங்களைச் சிறு நூலாகவே வெளியிட்டார். இதன் பயன் ஐயத்திற்கிடமானது, உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலிற் செலுத்துவது தீங்கு விளைக்கக்கூடும் என்பன அவர்தம் வாதங்கள். முதலமைச்சராக இருந்து ஓராண்டே கடந்த ஒருவர், நாடறிந்த அறிஞர், இவ்வாறு கூறியபோது அதனைப் பாமர அச்சம் என்று தள்ளிவிட அரசுக்கு வழியில்லை. அயல்நாட்டு வல்லுநர் கருத்துகளைக் காட்டி அரசு விடையிறுத்தது, இயக்கம் தொடர்ந்தது. எனினும் வினா ஓயவில்லை. உண்மையில், பி.சி.ஜி. எவ்வளவு காக்கிறது என்பதில் உலக ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்பட்டு நின்றன. பிரிட்டனில் பெரும்பயன் கண்டது; அமெரிக்காவின் தென்பகுதியில் சிறுபயனே கண்டது.

ஐயத்தை மேடையில் வெல்ல இயலாது. களத்தில் அளந்து பார்த்தலே வழி என்ற நிலை ஏற்பட்டது. அளந்து பார்க்கத் தேர்ந்த களம் நம் திருவள்ளூர்ப் பகுதி.

செங்கற்பட்டு ஆய்வு

1968-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகியவற்றின் துணையோடு, சென்னைக்கு மேற்கே உள்ள ஊர்களில் காசநோய்த் தடுப்பு ஆய்வைத் தொடங்கிற்று. மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வீடு வீடாகப் பதிவு செய்யப்பெற்றனர். இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்கு ஊசி போடப்பட்டது. சிலர்க்கு மருந்து, சிலர்க்கு மருந்தில்லாத நீர். யார்க்கு எது என்பது ஊசி போடுபவரும் அறியார், போட்டுக்கொள்பவரும் அறியார். டென்மார்க்கு வகை, பிரான்சு வகை என இரு மருந்துகள் சோதிக்கப்பட்டன. பி.சி.ஜி. குறித்து உலகில் நடந்த கள ஆய்வுகளுள் இதுவே மிகப்பெரியது என்பர்.

நம் ஊர்களின் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அதில் கை நீட்டியவர்கள். சளியைக் கொடுத்தவர்கள், படம் பிடிக்கும் வண்டியின் முன் வரிசையில் நின்றவர்கள். ஆண்டுக்கணக்கில் அலுவலர் வந்து கதவைத் தட்டியபோதெல்லாம் திறந்தவர்கள். அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஆனால் உலகின் மருத்துவ நூல்கள் அனைத்திலும் 'செங்கற்பட்டு' என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது எனில், அச்சொல்லின் பொருள் அவர்களே.

ஏழரை ஆண்டுக் கணிப்பின் முடிவு 1979-இல் வெளியாயிற்று. அது யாரும் எதிர்பாராதது. பெரியவர்களின் நுரையீரற் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பயன் தரவில்லை என அது அறிவித்தது. பதினைந்து ஆண்டுக் கணிப்பின் முழு அறிக்கை 1999-இல் வந்தபோதும் இம்முடிவு மாறவில்லை. தன் இயக்கத்துக்கே எதிராக அமைந்த ஒரு முடிவை ஆய்வை நடத்தியவர்களே வெளியிட்டனர் என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

இதனால் பி.சி.ஜி. கைவிடப்பட்டதா எனில், இல்லை. பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடலெங்கும் பரவும் கடுங்காசத்தையும் அது தடுக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் தெளிவாயிற்று. அதனாலேயே இன்றும் பிறந்த குழந்தையின் இடத்தோளில் அது போடப்படுகிறது. இராஜாஜி 1972-இல் மறைந்துவிட்டார். பயனைப் பற்றிய அவரது ஐயத்தின் ஒரு பகுதிக்கு அவர் மறைவிற்குப் பின் நம் மண்ணிலிருந்து விடை எழுந்தது. அவர் அஞ்சிய பெருந்தீங்கோ மெய்ப்படவில்லை. ஐயுற்றவரைப் பகைவராகக் கருதாமல், ஐயத்தை ஆய்வுக்குரிய வினாவாக மாற்றியதே இந்த அதிகாரத்தின் சிறப்பு.

2008 ஏப்ரல் 23

இனிக் கூறப்போவது எழுதுவதற்குக் கை தயங்கும் செய்தி. 2008 ஏப்ரல் 23-ஆம் நாள், திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு கைக்குழந்தைகள் சிறிது நேரத்திற்குள் இறந்தன. மணல்வாரி அம்மை வராதிருக்க வேண்டுமென்று காலையில் தூக்கிச் சென்ற தாயர், மாலையில் வெற்றுக் கையோடு நின்றனர்.

நாடெங்கும் செய்தி பரவிற்று. குறிப்பிட்ட தொகுதி மருந்து நிறுத்தி வைக்கப்பட்டது. மத்தியக் குழு வந்தது. மாதிரிகள் ஆய்வுக்குச் சென்றன. அதன் பின் தமிழக அரசு ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. அதுவரை கிராம சுகாதாரச் செவிலியர் துணை நிலையங்களிலும் ஊர்ப்பொது இடங்களிலும் சென்று போட்டு வந்த தடுப்பூசி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டுமே போடப்பட வேண்டும் என்றாயிற்று.

நோக்கம் நன்றே. ஊசிக்குப் பின் மூச்சுத் திணறினால் உடனே கவனிக்க மருத்துவர் அருகிருப்பார். ஆனால் அதன் விலை என்ன? ஊசி வீட்டருகே வந்த காலம் போய், தாய் ஊசியைத் தேடிச் செல்லும் காலம் வந்தது. நாட்கூலிக்குச் செல்பவளுக்கு அது ஒரு நாட்கூலி. பேருந்து இல்லாத ஊராளுக்கு அது அரை நாள் நடை. ஏற்கனவே நெஞ்சில் அச்சத்தைச் சுமந்தவளுக்கு அத்தொலைவு, போகாமலிருக்க ஒரு நியாயமும் ஆயிற்று.

தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்குகள் இதனை ஓரளவு காட்டுகின்றன. தமிழ்நாட்டில் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் பெற்ற குழந்தைகள் 1998-99-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பேர்; 2005-06-இல் 81 பேர்; 2015-16-இல் 70 பேர் மட்டுமே. நாட்டுக்கே வழிகாட்டி என்று பேர்பெற்ற மாநிலம் இவ்வாறு சரிந்தது. சரிவு 2008-க்கு முன்பே தொடங்கிவிட்டமையின், திருவள்ளூர் நிகழ்ச்சி ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும் அந்நிகழ்ச்சியும் அதன்பின் வந்த மாற்றமும் ஆய்வாளர் சுட்டும் காரணங்களுள் அடங்கும். 2019-21 ஆய்வில் இது மீண்டும் 89-ஐ எட்டிற்று. இழந்ததை மீட்கப் பத்தாண்டுக்கு மேலாயிற்று.

ஊசிக்குப் பின் நிகழ்வன

இவ்விடத்தில், ஊசிக்குப் பின் நேரும் தீங்குகளை மருத்துவ உலகம் எவ்வாறு பகுத்து நோக்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுதல் தகும். உலக சுகாதார நிறுவனம் இவற்றை ஐவகையாகப் பிரிக்கிறது. மருந்தின் இயல்பினால் நேர்வது முதல்வகை. மருந்து தயாரிப்பில் உள்ள குறையினால் நேர்வது இரண்டாவது. சேமித்தல், கலக்குதல், செலுத்துதல் ஆகியவற்றில் நிகழும் பிழையினால் நேர்வது மூன்றாவது. ஊசியைக் குறித்த பதற்றத்தினால் மயக்கமடைதல் போல்வன நான்காவது. ஊசி போடாவிடினும் நேர்ந்திருக்கக்கூடியது, காலத்தால் மட்டும் ஒன்றுபட்டது, ஐந்தாவது.

தட்டம்மை ஊசியையே எடுத்துக்கொள்வோம். போட்ட 7 முதல் 12 நாளுக்குள் நூற்றில் 5 முதல் 15 குழந்தைகளுக்குக் காய்ச்சல் காணும். சிலர்க்கு மெல்லிய தடிப்பும் தோன்றும். இது மருந்து வேலை செய்வதன் அடையாளம். கடும் ஒவ்வாமை பத்து இலட்சத்தில் ஒருவர்க்கு நேரலாம். அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தோன்றுவது. ஊசி போட்ட பின் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்கச் சொல்வதும், அட்ரினலின் மருந்தை அருகில் வைத்திருப்பதும் இதன் பொருட்டே. இம்மருந்து தூளாக வருவது. அதற்கென்றே வரும் நீரில் கலக்க வேண்டும். கலந்த பின் 4 மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. கெடாமற் காக்கும் பொருள் அதில் இல்லாமையின், கிருமி புகுந்தால் நஞ்சாகிவிடும். எனவேதான் புட்டியில் மருந்து எஞ்சினாலும் கொட்டிவிட வேண்டும் என்பது விதி.

இவ்விதிகளைக் கிராம சுகாதாரச் செவிலியர் நன்கு அறிவர். தாயர்க்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம் என்பதே வினா. பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரங்களில் புண்ணாகிச் சீழ்கட்டி ஆறித் தழும்பாகும் என முன்னரே கேட்ட தாய் அஞ்சுவதில்லை. கேளாத தாய், அப்புண்ணைக் கண்டதும் அடுத்த ஊசிக்கு வரமாட்டாள். ஒரே நிகழ்ச்சி, முன்னே சொன்னால் அறிவு. பின்னே சொன்னால் சமாதானம்.

கடல் கடந்த ஒரு படிப்பினை

நம் மண்ணின் துயரத்தைப் புரிந்துகொள்ளத் தொலைவிலுள்ள ஒரு தீவு நமக்குத் துணை செய்யும். பசிபிக் பெருங்கடலிலுள்ள சமோவாவில் 2018 ஜூலை 6-ஆம் நாள் இரு குழந்தைகள் தட்டம்மை முதலியவற்றிற்கான ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. மருந்துத் தூளைக் கலக்க வேண்டிய நீருக்கு மாறாக, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து தவறிக் கலக்கப்பட்டது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மருந்து குற்றமற்றது, குற்றம் கலந்த கையினது. செவிலியர் இருவர் சிறை சென்றனர்.

ஆனால் உண்மை வெளிப்படுமுன் அச்சம் தீவெங்கும் சென்று சேர்ந்துவிட்டது. அரசு பல மாதங்கள் அவ்வூசியை நிறுத்தி வைத்தது. தடுப்பூசி பெற்ற குழந்தைகள் நூற்றில் 31 பேர் என்ற அளவுக்குக் குறைந்தனர். 2019-இன் இறுதியில் தட்டம்மை வந்தது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களே வாழும் அந்நாட்டில் 83 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். தட்டம்மைத் தடுப்பூசி 1963-இல் வருவதற்குமுன் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 26 இலட்சம் பேரை அந்நோய் கொன்று வந்தது என்பதைத் தீவு மறந்திருந்தது, நோய் மறக்கவில்லை.

தமிழ்நாட்டில் அத்தகைய பேரழிவு நிகழவில்லை. நூற்றுக்கு எழுபது என்று சரிந்த காலத்திலும் பெரும்பாலான தாயர் ஊசியைக் கைவிடவில்லை. அஞ்சிக்கொண்டே நடந்து சென்று போட்டு வந்த அத்தாயர்க்கு இந்நாடு கடமைப்பட்டுள்ளது.

வதந்தியின் வேகம், விடையின் தாமதம்

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரண்டிற்குமான ஊசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கிற்று. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள ஏறத்தாழ 1 கோடியே 76 இலட்சம் பேர்க்குப் போடுவது இலக்கு. பள்ளிகளில் ஊசி என்றதும் வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பறந்தன. இது அயல்நாட்டுச் சதி என்றும், மலடாக்கும் ஊசி என்றும் செய்திகள் சுற்றின. பெற்றோர் பலர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அரசு நாளை நீட்டிக்க நேர்ந்தது. மருத்துவர் பலர் தம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி விளக்கினர். விளக்கம் இயக்கத்திற்கு முன்னரே சென்றிருந்தால் வதந்திக்கு வெற்றிடம் கிடைத்திராது.

2021 ஏப்ரல் 15-ஆம் நாள் நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்கள் அஞ்ச வேண்டா என்று அங்கேயே கூறினார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் நாள் காலை அவர் மறைந்தார். மரங்களை நட்டுக்கொண்டே சிரிக்க வைத்த ஒருவரின் மறைவில் துயரும் அச்சமும் ஒன்றாய்க் கலந்தன. தடுப்பூசிக்கும் அம்மரணத்திற்கும் தொடர்பில்லை என்ற வல்லுநர் குழுவின் முடிவு அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து வந்த விடை அது. இடைப்பட்ட ஆறு மாதத்தில்தான் தொற்றின் இரண்டாம் அலை நம் வீதிகளைக் கடந்து சென்றது. ஆய்வுக்குக் காலம் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆனால் ஆய்வு நடக்கிறது, இந்த நிலையில் இருக்கிறது, இன்னது தெரிந்தது என்று நாளும் சொல்வதற்குக் காலம் வேண்டியதில்லை.

சூளையும் சிப்காட்டும்

இன்றைய கும்மிடிப்பூண்டியை நோக்குவோம். சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளில் பணிபுரிவோருள் பலர் வடமாநிலத்தவர். மாவட்டத்தின் செங்கற் சூளைகளில் ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் மண் பிசைகின்றனர். பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீனவர் குப்பங்கள். ஆந்திர எல்லையில் தெலுங்கு பேசும் ஊர்கள். கும்மிடிப்பூண்டி முகாமில் கடல் கடந்து வந்த ஈழத் தமிழர். ஒரு தாலுகாவுக்குள் இத்தனை நாவுகள், இத்தனை நினைவுகள். சூளைக் கொட்டகையில் வாழும் தாய் ஒருத்திக்குப் பருவம் முடிந்தால் ஊர் மாறும். குழந்தையின் தடுப்பூசி அட்டை மூட்டையில் எங்கோ கிடக்கும். காய்ச்சல் வரும், அஞ்சாதே என்பதை அவளுக்கு எம்மொழியில் சொல்வது? சுவரொட்டியின் தமிழ் அவளுக்குச் சித்திரம். செவிலியரின் அரைகுறை இந்தியும், பக்கத்துக் கொட்டகைக்காரியின் மொழிபெயர்ப்புமே அவளுக்குக் கிடைக்கும் மருத்துவ இலக்கியம்.

இங்கேதான் நம்மைப் போன்றோர்க்கு ஒரு பணி இருக்கிறது என எண்ணுகிறேன். எல்லிஸ் துரை ஒரு கதையை எழுதி அச்சத்தைக் கடக்க முயன்றார். நாம் அவ்வழியில் செல்ல வேண்டியதில்லை. தடுப்பூசியைப் புகழ்ந்து பாடுவதும் நம் பணியன்று. அதற்கு விளம்பரத் துறை உண்டு. காய்ச்சல் வரும் என்பதையும், எத்தனை நாளில் வரும், எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையும், அரிதாயினும் ஆபத்து உண்டு என்பதையும், அதனினும் பன்மடங்கு பெரிய ஆபத்து நோயில் உண்டு என்பதையும், ஒளிக்காமல், அச்சுறுத்தாமல், ஒரு தாய் மற்றொரு தாய்க்குச் சொல்லும் எளிமையில் எழுதித் தரலாம். அதனைத் தெலுங்கிலும் ஒடியாவிலும் இந்தியிலும் பெயர்த்துத் தர நம் உறுப்பினருள்ளேயே ஆற்றலுடையோர் உளர். கிராம சுகாதாரச் செவிலியர் கையில் அத்தாளைக் கொடுத்தால், இரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விளக்கின் கீழ் அமர்ந்திருக்கும் ஒருத்திக்கு அது துணையாகும்.

இன்னொன்றும் உண்டு. செங்கற்பட்டு ஆய்வில் கை நீட்டிய முதியோர் நம் ஊர்களில் இன்னும் சிலர் வாழ்கின்றனர். 2008-இல் குழந்தையை இழந்த வீடுகளும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. முன்னவரின் நினைவுகள் எழுதப்படவில்லை. பின்னவரின் துயரம் எண்ணிக்கையாக மட்டுமே எழுதப்பட்டுள்ளது. அத்துயரைத் தடுப்பூசிக்கு எதிரான ஆயுதமாக்குவோரும் உண்டு. தடுப்பூசியின் பெயரால் அதனை மறக்கச் சொல்வோரும் உண்டு. இரண்டும் அக்குழந்தைகளுக்கு இழைக்கும் அநீதியே. தடுப்பூசி இலட்சக்கணக்கானோரைக் காத்தது என்பதும், அந்த நான்கு வீடுகளுக்கு முழு விளக்கம் கேட்கும் உரிமை உண்டு என்பதும் ஒருசேர உண்மை. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வல்லதாய் நம் எழுத்து அமைதல் வேண்டும்.

பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடிக் கவிதை படித்து வந்த நம் வட்டம், வரும் ஆண்டில் ஒரு கூட்டத்தை இம்முதியோர் நினைவுகளைக் கேட்டு எழுதுவதற்கு ஒதுக்கலாம். ஒரு கூட்டத்தைத் தாயர்க்கான அச்சிறு தாளை எழுதுவதற்கு ஒதுக்கலாம். இவ்வேண்டுகோளை உறுப்பினர் முன் பணிவுடன் வைக்கிறேன்.